மொழி வகுப்பில் வாய்மொழி உரை: தயாரிப்பும் மீள்பார்வையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அடுத்த வாரம் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச வேண்டும்" என்று மொழி வகுப்பில் அறிவித்த அன்று மாலையே கேள்விகள் வரத் தொடங்கிவிடும். உரை முடிந்ததும் "மீள்பார்வைக் குறிப்பு எழுதித் தாருங்கள்" என்றால் இன்னொரு சுற்று. வகுப்பெடுக்கும் இத்தனை ஆண்டுகளில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன். நீங்கள் எந்த மொழியைக் கற்றாலும் பெரும்பாலும் பொருந்தும். ஒரு பதிலில் சொன்னதை மறுபடி சொல்லாமல் சுட்டிக்காட்ட வசதியாக எண் போட்டிருக்கிறேன்.

1. பிரசன்டேஷன் என்றால் மேடைப் பேச்சா? எனக்கு அதெல்லாம் வராதே!

மேடைப் பேச்சு வேறு, இது வேறு. கற்றுக்கொண்டிருக்கும் மொழியில் ஒரு விஷயத்தைச் சில நிமிடங்கள் தொடர்ச்சியாக விளக்கி, கேட்பவருக்குப் புரியவைக்க வேண்டும். கேட்கப்படுவது அவ்வளவுதான். கைதட்டல் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. சாதாரண உரையாடலில் எதிரில் இருப்பவர் நம்மைத் தாங்கிப் பிடிப்பார். பாதியில் விட்ட வாக்கியத்தை அவரே முடித்துவிடுவார், தலையாட்டுவார், அடுத்த கேள்வியைக் கேட்டு வழி காட்டுவார். உரையில் அந்தத் துணை இல்லை. ஒரு வாக்கியத்தை அடுத்ததோடு நாமே கோக்க வேண்டும். 'முதலில்', 'ஆனால்', 'இதனால்தான்', 'அப்படியிருந்தும்' போன்ற இணைப்புச் சொற்கள் இங்கேதான் நாக்கில் பழகுகின்றன. வகுப்பில் உரை வைப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

2. என் லெவலுக்கு எவ்வளவு பேசினால் போதும்?

ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட பொது மொழித்திறன் சட்டகத்தில் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் உள்ளன. அவையோர் முன் பேசுவதற்கென்றே அதில் ஒரு தனி அளவுகோல் இருக்கிறது. ஏ1 நிலையில், ஒத்திகை பார்த்த மிகச் சிறிய அறிமுகத்தைப் படித்துச் சொன்னாலே போதும். ஏ2 என்றால் பழகிய விஷயம் பற்றிச் சுருக்கமாக, முன்கூட்டியே பயிற்சி செய்து பேசலாம். எளிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், ஆனால் கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். பி1-இல் முக்கியக் கருத்துகள் ஓரளவு துல்லியமாக விளங்க வேண்டும். பி2-இல்தான் தயாரித்த பாதையிலிருந்து விலகி, கேட்பவர் எழுப்பும் விஷயத்தைத் தொடர்ந்து பேசும் திறன் எதிர்பார்க்கப்படுகிறது.

இதை நான் எப்போதும் முதலிலேயே காட்டிவிடுவேன். ஏ2-இல் இருப்பவர் பி2-க்கு ஆசைப்பட்டுத் தன்னையே வதைத்துக்கொள்வதைப் பலமுறை பார்த்துவிட்டேன். கேள்வியைத் திரும்பக் கேட்பது அந்த நிலையில் குறையே இல்லை. அளவுகோலே அதை அனுமதிக்கிறது.

3. தலைப்பே கிடைக்கவில்லை. எதைப் பற்றிப் பேசுவது?

தாய்மொழியில் ஏற்கெனவே யாருக்காவது விளக்கிய ஒன்றை எடுங்கள். விஷயம் கைவசம் இருந்தால் கவனம் முழுவதும் மொழிக்குப் போகும். விஷயமும் புதிது, மொழியும் புதிது என்றால் இரண்டும் சேர்ந்து அழுத்தும்.

அப்புறம், தலைப்பைச் சுருக்குங்கள். 'சுற்றுச்சூழல்' என்று வைத்தால் பொதுவான வாக்கியங்கள்தான் வரும். 'பழைய மிதிவண்டியை நானே பழுது பார்த்தது' என்றால் சொல்வதற்கு வரிசை இருக்கிறது, வினைச்சொற்கள் இருக்கின்றன, நடுவில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கேட்பவருக்கும் கேள்வி பிறக்கும்.

4. முழுவதையும் எழுதி மனப்பாடம் செய்துவிட்டால் பாதுகாப்புதானே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். பேசும்போது மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை விளக்க, உளமொழியியலாளர் வில்லெம் லெவல்ட் 1989-இல் ஒரு மாதிரியை முன்வைத்தார். எளிமையாகச் சொன்னால் மூன்று வேலைகள்: என்ன சொல்வது என்று முடிவு செய்வது, அதற்குச் சொல்லும் இலக்கணமும் தேடி வாக்கியமாக்குவது, அதை ஒலியாக வெளியே விடுவது. தாய்மொழியில் பின்னிரண்டும் தானாக நடக்கும். புதிய மொழியில் நடு வேலைதான் மூச்சு வாங்க வைக்கிறது. மனப்பாடம் செய்தால் அந்த நடு வேலையை வீட்டிலேயே பேனாவோடு முடித்துவிடுகிறீர்கள். வகுப்பில் நடப்பது ஒலிப்பது மட்டும். எதைப் பழக வந்தீர்களோ அது பழகாமலேயே ஐந்து நிமிடம் ஓடிவிடும்.

பாதுகாப்பும் பொய்தான். மனப்பாடம் ஒரு சங்கிலி; ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தது கைக்கு வராது. நானும் ஒரு மொழியைக் கற்ற காலத்தில் முழு உரையையும் உருப்போட்டுப் போயிருக்கிறேன். மூன்றாவது பத்தியில் ஒரு சொல் நழுவியது. மறுபடி முதல் வரிக்குப் போனால்தான் தொடர முடியும் என்ற நிலை. விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல வேறு வழி என்னிடம் இல்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் குறிப்பு அட்டைக்கு மாறினேன்.

மனப்பாடம் அறவே கூடாது என்று சொல்லவில்லை. முதல் இரண்டு வாக்கியங்கள், கடைசி வாக்கியம், ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும் இணைப்பு வாக்கியங்கள், இவற்றை மட்டும் மனப்பாடமாக வைத்திருங்கள். மற்றதை அட்டை பார்த்துக்கொள்ளும்.

5. குறிப்பு அட்டையில் என்ன எழுத வேண்டும்? நான் எழுதினால் அதுவே ஒரு பக்கம் வந்துவிடுகிறது.

ஒரு கருத்துக்கு மூன்று நான்கு சொற்கள். முழு வாக்கியம் அட்டையில் இருந்தால் கண் அதைப் படிக்கத்தான் போகும், வேண்டாமென்றாலும்.

பெரும்பாலோர் பெயர்ச்சொற்களை எழுதுகிறார்கள். நான் வினைச்சொற்களை எழுதச் சொல்வேன். பெயர்ச்சொல் பொதுவாக நினைவில் இருக்கும்; காலம், இடம், எண் மாறும்போது வினையின் வடிவத்தில்தான் தடுமாறுகிறோம். 'சக்கரம்' என்று எழுதுவதைவிட 'கழற்றினேன், ஆனால் பொருந்தவில்லை' என்று எழுதினால், அதைச் சுற்றி வாக்கியம் தானாகக் கட்டிக்கொள்ளும். உச்சரிப்புத் தடுக்கும் சொற்களை ஓரத்தில், உங்களுக்குப் புரியும் எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

6. ஐந்து நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை வேண்டும்?

ஆங்கிலம் போன்ற மொழிக்கு, இயல்பாகப் பேசுபவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 முதல் 150 சொற்கள் பேசுவார் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. கற்பவர் 100 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கணக்கை அப்படியே எல்லா மொழிக்கும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. தமிழில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பது ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு மூன்று சொற்கள் தேவை. ஒட்டுகள் சேரும் மொழியில் சொல் எண்ணிக்கை குறையும், நேரம் குறையாது.

எண்ணுவதை விட்டுவிட்டு, அட்டையை வைத்துக்கொண்டு ஒருமுறை பேசி நேரம் பாருங்கள். ஐந்து நிமிட உரைக்கு நான்கு நிமிடச் சரக்கு சரியாக இருக்கும். தயக்கமும் திருத்தமும் மீதியை நிரப்பிவிடும்.

7. ஒத்திகை எத்தனை முறை பார்ப்பது? கண்ணாடி முன்னால் பேசினால் போதுமா?

கண்ணாடி கேள்வி கேட்காது, புரியாமல் முழிக்காது. ஆள் வேண்டும். '4/3/2' என்று ஒரு பயிற்சி இருக்கிறது. கீத் மாரிஸ் 1983-இல் அறிமுகப்படுத்தியது; பால் நேஷன் பிறகு அதைப் பற்றி எழுதிப் பரவலாக்கினார். ஒரே உரையை மூன்று வெவ்வேறு ஆட்களிடம் சொல்ல வேண்டும்: முதலாமவரிடம் 4 நிமிடம், அடுத்தவரிடம் 3, மூன்றாமவரிடம் 2. கேட்பவர் மாறுவதால் அதே விஷயத்தைச் சொல்ல உங்களுக்குக் காரணம் இருக்கிறது. நேரம் குறைவதால் சொல் தேடும் வேகம் கூடுகிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. வேகம் கூடினால் தவறு தானாகக் குறையும் என்று நினைக்காதீர்கள். முதல் சுற்றில் தவறாகச் சொன்னதை மூன்றாவது சுற்றில் அதே தவறோடு சரளமாகச் சொல்வதும் நடக்கும். ஆகவே முதல் சுற்றுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டு, தடுமாறிய இரண்டு வாக்கியங்களை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பிலேயே திடீரென்று பேசச் சொன்னால் பத்து நிமிடம் கேளுங்கள். பாலின் ஃபாஸ்டரும் பீட்டர் ஸ்கீஹனும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து நிமிடத் தயாரிப்பு நேரம் கிடைத்தவர்கள் கூடுதல் சரளமாகவும், கூடுதல் சிக்கலான வாக்கியங்களோடும் பேசினார்கள். பிழையின்மையில் மட்டும் முடிவு அவ்வளவு நேராக இல்லை.

8. ஸ்லைடு கட்டாயமா?

ஆசிரியர் கேட்டால் மட்டும். படம், வரைபடம், உச்சரிக்கக் கடினமான பெயர், இவ்வளவுதான் அதில் இருக்கலாம். வாக்கியங்களை ஏற்றினால் 5-இல் சொன்ன தொல்லை பெரிய எழுத்தில் வந்து நிற்கும்.

9. பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு சொல் வரவே மாட்டேன் என்கிறது. அப்போது என்ன செய்வது?

சுற்றிச் சொல்லுங்கள். 'திருப்புளி' என்ற சொல் வராவிட்டால் 'ஆணியைத் திருக உதவும் கருவி' என்று சொல்லலாம். இது சமாளிப்பு மாதிரி தெரியலாம். உண்மையில் இதுவும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு திறன்தான், மொழி கற்பிப்பவர்கள் இதைத் தனியாகவே பயிற்றுவிக்கிறார்கள். 'இது ஒரு வகையான...', 'இதைப் பயன்படுத்தி...', 'அதற்கு எதிரான...' என்ற மூன்று தொடக்கங்களைக் கற்கும் மொழியில் தயாராக வைத்திருங்கள்.

மௌனத்துக்கும் அந்த மொழியில் ஒரு சொல் இருக்கும். தமிழில் 'அதாவது', 'வந்து', 'எப்படிச் சொல்வது' என்று இழுக்கிறோம் அல்லவா, அதுபோல. தாய்மொழியின் 'ம்ம்...' இல்லாமல் கற்கும் மொழியின் இழுவையைப் பயன்படுத்தினால், அந்த மொழியிலேயே யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

10. எழுந்து நின்றாலே கை நடுங்குகிறது. தாய்மொழியில் எனக்கு அப்படி ஆவதில்லை. ஏன்?

இது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. எலெய்ன் ஹார்விட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1986-இல் மொழி வகுப்புப் பதற்றத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். பொதுவான கூச்சத்திலிருந்து இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். தாய்மொழியில் புத்திசாலியாகப் பேசும் ஒருவர் புதிய மொழியில் குழந்தை வாக்கியங்களில் பேச வேண்டியிருக்கிறது. தான் யார் என்பதே மறைந்துபோவது போல இருக்கும். அந்த வலி உண்மையானது, அதைச் 'சும்மா பயப்படாதே' என்று தட்டிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

செய்யக்கூடியது: முதல் உரையை மூன்று நான்கு பேர் உள்ள சிறு குழுவில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். 4-இல் சொன்னபடி தொடக்க வாக்கியங்கள் மனப்பாடமாக இருந்தால், முதல் அரை நிமிடம் தாண்டிவிடும். நடுக்கம் பெரும்பாலும் அந்த அரை நிமிடத்தில்தான் அதிகம்.

11. கேள்வி நேரம்தான் பயம். கேள்வியே புரியவில்லை என்றால்?

'நீங்கள் கேட்பது இதைப் பற்றியா?' என்று உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். சரி என்றால் யோசிக்க நேரம் கிடைத்தது, இல்லை என்றால் அவர் வேறு மாதிரி கேட்பார். ஒத்திகையில் கேட்டவர்களிடம் ஆளுக்கு இரண்டு கேள்வி வாங்கி வைத்துக்கொண்டால், அவற்றில் ஒன்றாவது வகுப்பில் வர வாய்ப்புண்டு.

எனக்கு உரையைவிடக் கேள்வி நேரம் முக்கியமாகத் தெரிகிறது. தயாரிக்காத வாக்கியங்கள் அங்கேதான் பிறக்கின்றன. மதிப்பெண் போடும்போதும் நான் அங்கேதான் காதைத் தீட்டிக்கொள்வேன்.

12. நான் தமிழ் கற்கிறேன். எழுத்து வழக்கில் பேச வேண்டுமா, பேச்சு வழக்கிலா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

குழப்பம் நியாயமானது. தமிழ் இரட்டை வழக்கு மொழி. 'இருக்கிறது' என்று எழுதி 'இருக்கு' என்று பேசுகிறோம். சொல் மட்டுமன்றி வேற்றுமையும் வினைமுடிவும் மாறுகின்றன. 1959-இல் சார்லஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கு பற்றி எழுதிய பிறகு, அதற்கான உதாரணங்களில் தமிழ் அடிக்கடி வந்துகொண்டிருக்கிறது.

முறையான உரையை எழுத்து வழக்கில் வைப்பதும், கேள்வி நேரத்தில் பேச்சு வழக்குக்கு இறங்குவதும் தமிழர்களே செய்வதுதான். ஆகவே இரண்டும் கலக்கலாம். ஆனால் ஒரே வாக்கியத்துக்குள் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் எதிர்பார்ப்பை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

13. மீள்பார்வைக் குறிப்பில் என்ன எழுதுவது? 'நன்றாகப் போனது, கொஞ்சம் பதற்றம்' என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நினைவை நம்பி எழுதினால் அவ்வளவுதான் தோன்றும். பேசும்போது மனம் பேச்சில் இருந்தது. என்ன சொன்னோம் என்பது பதிவாகவில்லை. எனவே உரையைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். அதில் ஒரே ஒரு நிமிடத்தை எடுத்து, தயக்கம், திருத்தம், பாதி வாக்கியம் எல்லாம் சேர்த்து, சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். அரை மணி நேரம் பிடிக்கலாம். அந்த அரை மணியில் கற்பது உரையில் கற்றதைவிட அதிகம் என்று துணிந்து சொல்வேன். ஒன்றைக் கவனிக்காமல் அதைக் கற்க முடியாது என்று ரிச்சர்ட் ஷ்மிட் 1990-இல் வாதிட்டார். இந்தப் பயிற்சியைச் செய்து பார்த்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை.

அதன்பின் மூன்று விஷயம் எழுதினால் போதும். எந்த வாக்கியம் நினைத்தபடி வந்தது? எந்த வாக்கியம் சொல்ல நினைத்து, முடியாமல் எளிதான வேறொன்றைச் சொன்னீர்கள்? அதை இப்போது எப்படிச் சொல்வீர்கள்? இரண்டாவது கேள்விதான் உயிர். பதிவில்கூட அது இருக்காது, உங்கள் மனத்தில் மட்டுமே இருக்கும். மெரில் ஸ்வெய்ன் 1985-லிருந்து சொல்லிவந்ததும் இதற்கு நெருங்கியதுதான்: பேச முயலும்போதுதான், சொல்ல விரும்புவதற்கும் சொல்ல முடிவதற்கும் உள்ள இடைவெளி தெரிகிறது.

சில வகுப்புகளில் கிரகாம் கிப்ஸ் 1988-இல் தந்த ஆறு படிச் சுழற்சியைப் பின்பற்றச் சொல்வார்கள்: விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, ஆய்வு, முடிவு, அடுத்த திட்டம். நல்ல வரிசைதான். ஆனால் பலர் முதல் இரண்டு படிகளிலேயே பக்கத்தை நிரப்பிவிடுகிறார்கள். கடைசி இரண்டு படிகளை முதலில் எழுதிப் பாருங்கள்.

14. என் குரலைக் கேட்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பதிவு செய்தே ஆக வேண்டுமா?

நம் குரலை நாம் கேட்கும்போது, அது காற்றின் வழியாகவும் மண்டை எலும்பின் வழியாகவும் வருகிறது. எலும்பு வழி வரும் ஒலி குரலைக் கனமாகக் காட்டும். பதிவில் அது இல்லாததால் மெலிந்து, வேறு யாரோ போலக் கேட்கிறது. மற்றவர்கள் எப்போதும் கேட்கும் குரல் அதுதான், அவர்களுக்கு அது விசித்திரமே இல்லை. இரண்டு மூன்று முறை கேட்டால் பழகிவிடும்.

15. பதிவைக் கேட்டால் இருபது தப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் திருத்தணுமா?

முதலில் பிரியுங்கள். பிட் கோர்டர் 1967-லேயே இந்த வேறுபாட்டைச் சொன்னார்: விதி தெரிந்தும் வாய் தவறியது ஒன்று, விதியே தெரியாமல் வருவது இன்னொன்று. ஆங்கிலத்தில் 'ஹி டோன்ட் நோ' என்று ஒருமுறை சொல்லி, மற்ற நான்கு இடத்தில் 'டஸ்ன்ட்' என்று சரியாகச் சொல்லியிருந்தால் அது வாய் தவறல், விட்டுவிடலாம். ஐந்து இடத்திலும் 'டோன்ட்' என்றால் அதுதான் பாடம்.

மிஞ்சுவதில், பொருளைக் குழப்பிய ஒன்று, திரும்பத் திரும்ப வந்த ஒன்று, ஆக இரண்டை மட்டும் எடுங்கள். இருபதையும் சிவப்பு மையில் வட்டமிட்டால் அடுத்த முறை வாய் திறக்கவே தயங்குவீர்கள்.

16. சக மாணவர்கள் எல்லாரும் 'சூப்பர்' என்றுதான் எழுதித் தருகிறார்கள். அதை வைத்து என்ன செய்ய?

அவர்களுக்கு வேலை கொடுக்கவில்லை, அதனால்தான். பேசத் தொடங்குமுன் ஒருவரிடம் 'எந்த இடத்தில் புரியவில்லை என்று நேரம் குறித்துக்கொள்' என்றும், இன்னொருவரிடம் 'நான் சொன்ன மூன்று கருத்தை எழுதித் தா' என்றும் கேளுங்கள். மூன்றில் இரண்டுதான் அவர் எழுதியிருந்தால், மூன்றாவதுக்கு முந்தைய இணைப்பு வாக்கியம் சரியில்லை என்று அர்த்தம். யாரையும் குறை சொல்லச் சொல்லவில்லை, அதனால் அவர்களுக்கும் சங்கடம் இல்லை.

17. மீள்பார்வைக்கும் மார்க் உண்டு என்றால், குறைகளை உண்மையாக எழுதினால் மார்க் குறையாதா?

குறையக் கூடாது. ஆனால் சில இடங்களில் குறைகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. உரைக்கும் மீள்பார்வைக்கும் மதிப்பீட்டு அளவுகோல் தனித்தனியாக இருக்கிறதா என்று ஆசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள். உரையில் எத்தனை தவறு என்பது உரை மதிப்பெண்ணோடு முடிந்துவிட வேண்டும். மீள்பார்வைக்கான மதிப்பெண், தவறை எவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்தீர்கள், அதற்கு என்ன மாற்று வைத்திருக்கிறீர்கள் என்பதற்குத்தான்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டையும் கலந்தால் மாணவர்கள் வருத்தப்படுவது போல எழுதக் கற்றுக்கொள்வார்கள். 'இன்னும் பயிற்சி செய்ய வேண்டும்' என்ற வரியால் யாருக்கும் பயனில்லை.

18. மீள்பார்வையைத் தாய்மொழியில் எழுதலாமா?

ஏ1, ஏ2 நிலையில் தாய்மொழியில்தான் எழுத வேண்டும் என்பேன். கற்கும் மொழியில் எழுதச் சொன்னால், நினைத்ததை விட்டுவிட்டு எழுத முடிந்ததைத்தான் எழுதுவார்கள். பி1-க்குப் பிறகு மாறிக்கொள்ளலாம். மேற்கோள் காட்டும் வாக்கியங்கள் மட்டும் எப்போதும் கற்கும் மொழியிலேயே இருக்கட்டும்.

19. உரையை மொழிபெயர்ப்புக் கருவியிலோ ஏஐ-யிலோ தயாரித்தால் தப்பா?

வகுப்பின் விதி தடை செய்தால் பேச்சே இல்லை. அனுமதி உண்டென்றால், எந்தக் கட்டத்தில் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். முழு உரையையும் அதிலிருந்து எடுத்தால், உங்கள் நிலைக்கு மேலான வாக்கியங்கள் வரும். அவற்றைச் சொந்தமாகக் கட்டத் தெரியாததால் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும், 4-க்கே திரும்பிவிட்டோம். கேள்வி நேரத்தில் மொழி சட்டென்று கீழே இறங்குவதைக் கேட்பவர் எவரும் கவனிப்பார்.

உரை முடிந்த பிறகு பயன்படுத்துவது வேறு கதை. 13-இல் சொன்ன 'சொல்ல நினைத்து முடியாத வாக்கியம்' உங்களிடம் இருக்கிறது. முதலில் நீங்களே எழுதிப் பார்த்து, அப்புறம் கருவி எப்படிச் சொல்கிறது என்று ஒப்பிடுங்கள். இடைவெளி தெரிந்த பிறகு கிடைக்கும் பதில் மனத்தில் தங்கும்.

20. ஒரே தலைப்பில் மறுபடியும் பேசலாமா? ஏமாற்றுவது போல இருக்கிறதே.

தாராளமாகப் பேசலாம். மார்ட்டின் பைகேட் 1996-இல் வெளியிட்ட சிறு ஆய்வில், ஒரு மாணவர் ஒரே காணொளிக் கதையைச் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை சொன்னார். இரண்டாம் முறை சொல் தேர்வும் வாக்கிய அமைப்பும் மேம்பட்டிருந்தன. விஷயத்தைத் தேடும் சுமை குறைந்ததால் கவனம் மொழிக்குத் திரும்பியிருக்கலாம்.

15-இல் சொன்னபடி முதல் உரையிலிருந்து தேர்ந்தெடுத்த இரண்டு தவறுகளின் திருத்திய வாக்கியங்களை எடுத்து, புதிய அட்டையின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை அவை வாயில் வந்தனவா என்பதை மட்டும் பதிவில் தேடுங்கள்.